மூலையில் இருந்திருக்க வேண்டிய சொல்

கோயிம்ப்ரா, ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணா,

இன்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் அதன் பிறகு.

ஞாயிறுதோறும் எங்கள் இணைய மன்றத்தின் பதிவுகளைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநர்கள் மூன்று பேரும் குரல் அழைப்பில் கூடுவோம். இன்று கிராசா ஒரு விதியைப் படித்துக் காட்டினாள்: ஒரு விவகாரத்தில் சம்பந்தப்பட்டவருக்கு உறவானவர் யாரும் அந்த விவாத இழையைக் கவனிக்கக் கூடாது, விலகிக்கொள்ள வேண்டும். "யாருக்காவது இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அப்புறமா என் மூக்கை உடைக்காதீங்க" என்றாள். டெலெஸ் இல்லை என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் பேசாமையையும் இல்லை என்றே எடுத்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். அன்செல்மோ என் அண்ணன் என்று சொல்ல எத்தனை வினாடி ஆகியிருக்கும்?

நான் நன்றாக இருக்கிறேன். வெயில்தான் தாங்கவில்லை. மலையில் தீ அணைந்த பிறகும் பால்கனியில் சாம்பல் விழுகிறது. அம்மாவும் நலம். செல்போனைக் கரையிலேயே விட்டுவிட்டுத் தீவுக்குப் போன மகனைப் பற்றித் தினமும் ஒரு முறை திட்டுகிறாள், அதனால் தெம்பாக இருக்கிறாள் என்று தெரிகிறது.

மன்றத்தைத்தான் அடையாளம் தெரியாது. தொலைக்காட்சிப் பைத்தியங்கள் கூடி எந்த சேனல் எழுத்துருவை மாற்றியது என்று பேசிக்கொண்டிருந்த இடம். இந்த இரண்டு வாரத்தில் ஒரே விஷயத்துக்கு நாற்பத்தொரு இழை தொடங்கிவிட்டார்கள். எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்து, தலைப்பதிவில் இப்படி எழுதினேன்: "ஆகஸ்ட் 3 மாலைச் செய்தியில் சோப்ரால் சாலை எரியும் காட்சி பதினொரு வினாடி வந்தது. அது இரண்டு ஆண்டுக்கு முந்தைய தீ. பழைய காட்சி என்றால் திரையின் மூலையில் அதைச் சொல்லும் சொல் இருக்க வேண்டும். இல்லை. அதைப் பார்த்த அல்பானோ, எர்மெலிந்தா தம்பதி அந்தச் சாலை எரிகிறது என்று நம்பி, மலைப்பாதையில் வண்டியைத் திருப்பினார்கள். வண்டி பள்ளத்தில் விழுந்தது. எர்மெலிந்தாவின் இடுப்பு முறிந்தது. செய்தி இயக்குநர் அன்செல்மோ பதவி விலகினார். சேனல் மனிதத் தவறு என்றது. இதற்கு மேல் நமக்குத் தெரியாது."

உன் பெயரை எழுதும்போது வேறு யாரோ ஒருவரின் பெயரை எழுதுவதுபோல எழுதினேன். கற்றுக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

சாப்பாட்டை விடாதே.

உன் தங்கை,
பெனெடிட்டா

*

கோர்வோ தீவு, செப்டம்பர் 4

பெனே,

உன் கடிதம் வந்த பையை நான்தான் இறக்கினேன். விமானம் வரும் நாளில் பெட்டி இறக்குகிறேன். வராத நாளில் பாலாடைக்கட்டி அச்சு கழுவுகிறேன். மேகம் மலையை மூடிவிட்டால் விமானம் எதிர்த் தீவோடு திரும்பிவிடும், ஆகவே அச்சு கழுவும் நாள்தான் அதிகம். உடம்பு நலம். தூக்கம்கூட வருகிறது.

வீட்டுக்காரி டோனா இடலினா என்னை டிவிக்காரரே என்றுதான் கூப்பிடுகிறாள். முதல் நாள் வானிலை எப்படி என்று பேச்செடுத்தேன். "டிவிக்காரரே, மழை வருமான்னு நீங்க சொல்ல வேணாம். என் முழங்கால் சொல்லும், அதுக்கு சம்பளமும் கிடையாது" என்றாள்.

நாற்பத்தொரு இழையை ஒன்றாக்கினாய் என்று படித்தேன். சின்ன வயதில் அம்மாவின் சிக்கலான கம்பளி நூலை நீதான் பிரிப்பாய், நான் கத்தரிக்கோல் தேடுவேன். இப்போதும் அப்படித்தான் போலிருக்கிறது. உன்னை நினைத்தால் எனக்குப் பெருமை.

எனக்காக அங்கே ஒரு வார்த்தையும் பேசாதே. எர்மெலிந்தா அம்மாள் எழுந்து நடக்கிறார்களா என்று மட்டும் தெரிந்தால் எழுது.

அம்மாவுக்கு என் முத்தம். திட்டட்டும்.

அன்செல்மோ

*

கோயிம்ப்ரா, செப்டம்பர் 17

அன்புள்ள அண்ணா,

இடலினாவின் முழங்காலுக்கு என் மரியாதை. எனக்கு ஜலதோஷம், வேறொன்றுமில்லை. எர்மெலிந்தா அம்மாள் கைத்தடியோடு வீடு திரும்பிவிட்டார்கள். அதை எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

இணைத்த இழை எழுநூறு பக்கம் தாண்டிவிட்டது. நூலகத்தில் வேலை முடிந்து வந்து தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் படிக்கிறேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது: மொத்தமே ஆறு வாதங்கள்தான். பார்வையாளர் எண்ணிக்கைக்காக வேண்டுமென்றே செய்தார்கள் என்பது ஒன்று. இயந்திரக் கோளாறு என்பது இரண்டு. எல்லா சேனலும் இதைத்தான் செய்கிறது என்பது மூன்று. அப்படியே போய், அந்தக் காலத்தில் இப்படி நடக்காது என்பது ஆறு. அவற்றை வரிசையாக எழுதி ஒட்டிவைத்து, ஏற்கெனவே சொன்னதையே சொல்ல விரும்புகிறவர்கள் எண்ணை மட்டும் எழுதினால் போதும் என்று அறிவித்தேன். கோபித்துக்கொண்டு போவார்கள் என்று நினைத்தேன். மறுநாள் பார்த்தால் "1", "2", "நாலுதான்டா, மடையா", "என் மாமனார் உயிரோடு இருக்கும்வரை ஆறு" என்று இழை முழுக்க எண்கள். டெலெஸ் சிரித்துச் சிரித்துப் புரையேறிக்கொண்டான்.

கிராசாவிடம், உங்களுக்குச் சலிப்பே வராதா என்று கேட்டேன். "பல் டாக்டர்கிட்ட பதினெட்டு வருஷமா வேலை பாக்குறேன். தினம் அதே முப்பத்திரண்டைத்தான் பாக்குறேன். ஆனா வலிக்குதுன்னு வர்றவனுக்கு அவன் பல் புதுசு" என்றாள். அன்றிலிருந்து "1" என்று எழுதுகிறவனைக்கூட என்னால் எரிச்சலோடு பார்க்க முடியவில்லை.

இந்த எண்களுக்கு நடுவே ஒருவன் வந்தான். எர்மெலிந்தாவின் பேரன், பெயர் நேலியு. பொய் சொல்கிறான் என்று ஐம்பது பேர் பாய்ந்தார்கள். நான் தனியே விசாரித்து உறுதிசெய்த பிறகு அடங்கினார்கள். பாட்டியின் உடல்நிலையைச் சொன்னவன் அவன்தான். அவன் கேட்டது என் ஆறில் எதிலும் இல்லை. "அந்த மூலையைப் பார்க்க வேண்டியது யாருடைய வேலை? அவர் பார்த்தாரா?" அவ்வளவுதான் கேட்டான். அதை ஏழாவதாகச் சேர்த்தேன். இதுவரை யாரும் ஏழு என்று எழுதவில்லை.

காற்றில் நிற்காதே, கழுத்தை மூடிக்கொள்.

பெனெடிட்டா

*

கோர்வோ, அக்டோபர் 2

பெனே,

ஜலதோஷம் போயிற்றா? இங்கே ஒன்பது நாளாக விமானம் இல்லை. கடையில் முட்டை தீர்ந்துவிட்டது. யாருக்கும் கவலையில்லை, அவரவர் வீட்டில் கோழி இருக்கிறது. எனக்கு இல்லாததால் எல்லோரும் ஆளுக்கு இரண்டு கொண்டுவந்து தருகிறார்கள். இப்போது இந்தத் தீவிலேயே அதிக முட்டை உள்ளவன் நான்தான்.

கைத்தடியோடு நடக்கிறார்கள் என்பதை நான்கு முறை படித்தேன். நன்றி.

அந்த ஏழாவதைப் பூட்டிவிடாதே. அது பாட்டுக்கு இருக்கட்டும்.

அன்செல்மோ

*

கோயிம்ப்ரா, அக்டோபர் 14

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் நலம். மழை தொடங்கிவிட்டது. அம்மா உன் அறையில் வெங்காயம் காயப் போட்டிருக்கிறாள், திரும்பி வந்தால் எடுத்துவிடுவாளாம்.

நேற்று உனக்காகப் பேசிய ஒரு பதிவை அழித்தேன். உன்னோடு முன்பு வேலை செய்ததாகச் சொல்லிக்கொண்டவர் எழுதியது. அருமையான தமையனைப் பற்றித் தங்கை எழுதுவதுபோலவே இருந்தது: அன்செல்மோ நிதானமானவர், அவர் கை பட்ட செய்தியில் ஒரு காற்புள்ளிகூடத் தப்பாது என்றெல்லாம். கடைசி வரியில், தப்பு செய்தது திரையில் எழுத்துப் பதிக்கும் பெண், புதிதாகச் சேர்ந்தவள் என்று சொல்லி அவள் முழுப் பெயரையும் போட்டிருந்தார். ஆதாரம் எதுவும் இல்லை. ஆதாரமில்லாமல் தனியாள் பெயரை எழுதினால் பதிவு போய்விடும், அது எங்கள் விதி. நான் பார்த்து எடுத்தபோது அது போட்டு நான்கு நிமிடம் ஆகியிருந்தது.

எடுத்த கையோடு கிராசா அழைத்தாள். "அந்தாளு சேனல்காரரை தூக்கி வச்சு எழுதியிருந்தாரு, நீ சட்டுனு எடுத்துட்ட. உனக்குப் பக்கமே கிடையாதா?" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள். நன்றி என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு ரொம்ப நேரம் சமையலறையில் வேலையில்லாமல் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தப் பெயரை நான் உனக்கு எழுதப் போவதில்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

பெனெடிட்டா

*

கோயிம்ப்ரா, நவம்பர் 20

அன்புள்ள அண்ணா,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. அங்கே வானிலை எப்படியென்று தினமும் பார்க்கிறேன். விமானம் ஆறு முறை இறங்கியிருக்கிறது. நீ நலமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். நாங்கள் நலம்.

அந்த நான்கு நிமிடம் போதுமானதாக இருந்திருக்கிறது. யாரோ அந்தப் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு இடங்களில் போட்டுவிட்டார்கள். அங்கெல்லாம் மட்டுறுத்த யாரும் இல்லை. அந்தப் பெண்ணின் ஊர், அவள் அப்பாவின் கடை, அவள் சிரிக்கும் படம், எல்லாம் வந்துவிட்டது. கடைக் கதவில் எதையோ எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒளிபரப்பு ஆணையத்தின் விசாரணை முடியும்வரை வீட்டில் இரு என்று சேனல் அவளை அனுப்பிவிட்டது. எங்கள் மன்றத்தில் யாரும் அவள் பெயரை எழுதுவதில்லை. ஆனால் முன்பு "1" என்று எழுதியவர்கள் இப்போது "எல்லாருக்கும் தெரியுமே அது யாருன்னு" என்று எழுதுகிறார்கள். அதையும் அழிக்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது.

உன்னை நான் எதுவும் கேட்கவில்லை, அண்ணா. ஆகஸ்டிலிருந்து கேட்கவில்லை. இப்போதும் இல்லை. நடப்பது உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதினேன்.

கிறிஸ்துமஸுக்கு வருவாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

பெனெடிட்டா

*

கோர்வோ, டிசம்பர் 6

பெனே,

நலமாகத்தான் இருக்கிறேன். அக்டோபர் கடிதத்துக்குப் பதில் மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இரண்டாவது கடிதம் வந்த பிறகு கிழிக்க முடியவில்லை.

ஏழாவது கேள்விக்குப் பதில் இது. அப்படியே போடு, ஒரு சொல்லையும் நல்லதாக மாற்றாதே.

"மூலையைப் பார்க்க வேண்டியது என் வேலை. நான் பார்த்தேன். எழுத்துப் பதிப்பவர் நான் எழுதித் தரும் நிகழ்ச்சித் தாளில் இருப்பதைத்தான் பதிப்பார். அந்தக் காட்சிக்கு எதிரே 'பழையது' என்று குறிக்க வேண்டியவன் நான். அன்று தீயால் தாளை நான்கு முறை மாற்றி எழுதினேன், நான்காவதில் அந்தக் குறி விட்டுப்போனது. காட்சி திரைக்கு வந்து மூன்றாவது வினாடியில் மூலை காலியாக இருப்பதைக் கண்டேன். வாயைத் திறந்தேன். இன்னும் எட்டு வினாடிதான், கத்தினால் புதிய பெண் பதறிவிடுவாள், போகட்டும் என்று மூடிக்கொண்டேன். அதுகூடப் பெரிய தவறில்லை. இப்படி விட்டுப்போனால், காட்சி முடிந்ததும் செய்தி வாசிப்பவர் 'நீங்கள் பார்த்தது பழைய காட்சி' என்று வாயால் சொல்ல வேண்டும். அவர் காதில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. பதினாறு வருடத்தில் என் செய்தியில் ஒரு திருத்தம்கூட வந்ததில்லை. அது கெட்டுவிடக் கூடாது என்று நினைத்தேன். அந்தப் பெண் செய்ய வேண்டிய எதையும் செய்யாமல் விடவில்லை. அன்செல்மோ."

நான் விலகிவிட்டால் பழி என் மேலேயே நிற்கும், அது நியாயம்தானே என்று இருந்துவிட்டேன். அது என்னை விட்டு இறங்கி வேறொருவர் தலையில் ஏறும் என்று தோன்றவில்லை. ஆணையத்துக்கும் இதே பையில் எழுதி அனுப்புகிறேன். ஜனவரியில் நேரில் போய்ச் சொல்வேன்.

இதைப் போட்டால் இது உனக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்பார்கள். அதையும் யோசித்தேன். வேண்டாமென்றால் நேலியுவின் விலாசம் மட்டும் அனுப்பு, நானே எழுதிக்கொள்கிறேன். உன் இடம் போக வேண்டாம்.

கிறிஸ்துமஸுக்கு வரமாட்டேன். அம்மாவிடம் வானிலை என்று சொல்.

அன்செல்மோ

*

கோயிம்ப்ரா, டிசம்பர் 20

அன்புள்ள அண்ணா,

அம்மாவிடம் வானிலை என்று சொன்னேன். நம்பவில்லை. கிறிஸ்துமஸ் இரவின் உப்புமீனும் முட்டைக்கோசும் உனக்கும் சேர்த்துத்தான் வேகும் என்கிறாள். உடம்பு இருவருக்கும் நலம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் கிராசாவை அழைத்தேன். அன்செல்மோ என் அண்ணன் என்று சொன்னேன்.

"ஆகஸ்ட்ல கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

"என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

உன் பதிலை முழுவதும் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அவரும் ஒண்ணும் சொல்லல, நீயும் ஒண்ணும் சொல்லல. குடும்ப வியாதிபோல" என்றாள். சிரிக்கவில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே என் மட்டுறுத்தும் உரிமை திரையிலிருந்து மறைந்தது. கோபத்தில் இல்லை. "விதி படிச்சது நான்தான், பெனே. உனக்காக மடக்கினா நாளைக்கு யாருக்கு நிமித்துவேன்?" என்றாள். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். செய்யும் தைரியம் இருந்திருக்குமா என்பது வேறு.

பிறகு அவள் செய்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அந்த இழையில் நான் அழித்தவை, விட்டவை, இணைத்தவை, மொத்தம் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம். அவளும் டெலெஸும் ஒரு சனி ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். அதில் இரண்டை மட்டும் திரும்பப் போட்டார்கள். "இதை நீ எடுத்திருக்கக் கூடாது. ரெண்டுமே உங்க அண்ணனை நல்லவிதமா சொன்னது, விதியை மீறல. அவர் மேல மட்டும் கை கொஞ்சம் கனமா விழுந்திருக்கு" என்றாள். எதையும் மறைக்காமல், என் பெயரோடும் உறவோடும் இரண்டையும் பற்றி மன்றத்தில் எழுதிவிட்டாள். அதற்குக் கீழே, நேலியுவிடம் தொலைபேசியில் முதலில் படித்துக் காட்டிய பிறகு, உன் பதிலைப் போட்டாள்.

இருபது நிமிடம் ஒருவரும் எதுவும் எழுதவில்லை. அந்த இழை தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஒரு இருபது நிமிடம் இருந்ததில்லை. பிறகு ஒருவன் "1" என்றான். என்னையும் திட்டினார்கள். வஞ்சகி, உளவாளி, நான்கு மாதம் ஏமாற்றியவள். அதில் பாதி நியாயம். படித்தேன், அழிக்க என்னிடம் பொத்தான் இல்லை.

நேலியு ஒரு வரி எழுதினான்: "படித்தோம். தாத்தா அவரைப் பார்க்க வேண்டும் என்கிறார்."

பெனெடிட்டா

*

கோர்வோ, ஜனவரி 29

பெனே,

பத்திரமாகத் திரும்பிவிட்டேன். பெட்டி மட்டும் எதிர்த் தீவில் நிற்கிறது. கோயிம்ப்ரா ரயில் நிலையத்தில் நீ தந்த சோளரொட்டி அதில் இருப்பதால் இங்கே எல்லோருக்கும் விமானத்தின் மேல் அக்கறை வந்திருக்கிறது.

ஆணையத்தில் இரண்டு மணி நேரம். எழுதியதையே சொன்னேன். திரும்பும் வழியில் சோப்ராலுக்குப் போனதை ரயில் நிலையத்தில் உன்னிடம் சொல்லவில்லை, எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அல்பானோ கதவைத் திறந்தார். பேச வேண்டியதை வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். அவர் விடவில்லை. "தம்பி, வண்டியைத் திருப்புனது நான். அந்தப் பாதையில ராத்திரி போகாதேன்னு என் அப்பாவே சொல்லுவாரு. அதை உங்க மன்றத்துல எவனும் ஒரு நம்பராக்கூட போடலையாமே" என்றார். உள்ளேயிருந்து எர்மெலிந்தா அம்மாள், "அவர் ஓட்டுறது எப்பவும் அப்படித்தான். டிவி இருந்தாலும் பள்ளம், இல்லாட்டியும் பள்ளம்" என்றார்கள். பிறகு தடியை ஊன்றி, வலியோடு, அடுப்பங்கரையிலிருந்து மேசைவரை வந்தார்கள். ஏழெட்டு அடிதான். அதை நான் பார்க்க வேண்டும் என்றுதான் நடந்தார்களோ என்னவோ. பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். சரி என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சூப்பை முன்னால் வைத்தார்கள்.

உன் இடம் என்னால் போயிற்று. நீ அதைப் பற்றி ரயில் நிலையத்தில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எனக்கு முன்னால் பிறந்திருக்க வேண்டியவள் நீ.

அன்செல்மோ

*

கோயிம்ப்ரா, ஏப்ரல் 16

அன்புள்ள அண்ணா,

உன் தீவில் மேகம் என்று பார்த்தேன், இது எப்போது உன் கைக்கு வருமோ. நாங்கள் நலம். அம்மா வெங்காயத்தை உன் அறையிலிருந்து எடுத்துவிட்டாள், காரணம் கேட்டால் முளைத்துவிட்டது என்கிறாள்.

மன்றத்தில் சாதாரண உறுப்பினராக இருக்கிறேன். என் இடத்துக்கு ஒருவரை எடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கிராசா கூட்டம் முடிந்ததும் எனக்குத் தனியாக அழைக்கிறாள். மன்றத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை, பல் நோயாளிகளைப் பற்றித்தான்.

ஒளிபரப்பு ஆணையத்தின் முடிவு சென்ற செவ்வாயன்று வெளியானது. மன்றத்தில் போட்டிருந்தார்கள், ஒன்பது பக்கம், முழுவதும் படித்தேன். பொறுப்பு செய்தி இயக்குநர் மீதும், காட்சியைச் சரிபார்க்க இரண்டாவது ஆள் வைக்காத சேனல் மீதும் என்று எழுதியிருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளுக்கு நீ நேரலைச் செய்தியை நடத்தக் கூடாது. எழுத்துப் பதித்தவர் மீது குற்றம் எதுவும் இல்லை.

அந்தப் பெண் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினாள்.

பெனெடிட்டா